இருபது ஸ்லைடு, ஒரு பொய் லேபிள்

வீட்டு மாடியில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அறிவியல் டியூஷன் எடுக்கிறேன். திசுக்கள் பாடம் வந்தாலே எனக்கே கொட்டாவி வரும். எபிதீலியம் (உறுப்புகளைப் போர்த்தியிருக்கும் திசு), இணைப்பு, தசை, நரம்பு என்று நாலு வகையையும் ஒப்பிக்க வைத்து முடித்துவிடுவேன். இந்த வருஷம் மனசு கேட்காமல், ஆன்லைனில் 1,350 ரூபாய்க்கு இருபது ஸ்லைடு உள்ள பெட்டி ஒன்று வாங்கினேன். மைக்ரோஸ்கோப் ஏற்கெனவே இருந்தது. பழசுதான், 400 மடங்கு வரை பெரிதாக்கும்.

பெட்டியின் மேல் ‘மனிதத் திசுக்கள்’ என்று போட்டிருக்கிறது. உள்ளே உள்ள சீட்டைப் படித்தால் ரத்தம் தவிர முக்கால்வாசி முயல்! இந்த அளவில் பார்க்கும்போது முயலுக்கும் நமக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது, பாடத்துக்குப் போதும். ஆனாலும் வெளியிலேயே எழுதியிருக்கலாம்.

சாயம் ஏற்றியிருப்பது அருமை. உட்கரு ஊதா, மற்றதெல்லாம் ரோஜா நிறம். சிறுகுடல் ஸ்லைடில் செல்கள் தூண் தூணாக நிற்க, நடுநடுவே வெளிறிய குமிழ்கள். சளி சுரக்கும் கோப்பை வடிவ செல்கள் அவைதான். மூச்சுக்குழலில் ஓரமாகக் குறு இழைகள் மயிர் போலத் தெரிந்தன. மூச்சில் வரும் தூசியைச் சளியோடு மேலே தள்ளுவது இதுதான் என்றதும் ஒரு பையன் இருமிக் காட்டினான். கொழுப்புத் திசுவைப் பார்த்து, “காலியா இருக்கே மிஸ்” என்றார்கள். ஸ்லைடு தயாரிக்கும்போது ஆல்கஹாலிலும் சைலீனிலும் கொழுப்பு கரைந்துபோய்விடும், சுற்றியுள்ள விளிம்புதான் மிஞ்சும். எலும்பு, மரத்தை அறுத்த மாதிரி வட்டம் வட்டமாக இருந்தது. குருத்தெலும்பில் ரத்தக் குழாயே கிடையாது, அதனால்தான் சேதமானால் லேசில் ஆறாது என்றேன். அவ்வளவுதான், பாட்டிகளின் முழங்கால் கதை பத்து நிமிஷம் ஓடியது.

இரண்டு ஸ்லைடில் காற்றுக் குமிழி. சரி, அதை விடுங்கள். ‘இதயத் தசை’ என்று லேபிள் ஒட்டிய ஸ்லைடுதான் மோசம். ஒரு பெண் புத்தகத்தையும் ஸ்லைடையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “இதுல கிளையே இல்லையே மிஸ்” என்றாள். எட்டிப் பார்த்தேன். குறுக்கு வரி இருக்கிறது, ஆனால் இதயத்தில் கிளை விட வேண்டிய நார்கள் பிரியாமல் நீளமாக ஓடுகின்றன. ஒவ்வொரு நாரிலும் ஏகப்பட்ட உட்கரு, அதுவும் ஓரத்தில். செல்லும் செல்லும் சேரும் இடத்தில் இருக்க வேண்டிய தட்டுகளைக் காணோம். சந்தேகமே இல்லை, கை கால்களை அசைக்கும் எலும்புத் தசை.

விற்றவர்களிடம் சொன்னேன், படம் கேட்டார்கள். போனைக் கண்ணருகு லென்ஸில் வைத்து எடுத்து அனுப்பினேன். பத்து நாளில் வேறு ஸ்லைடு வந்தது, இது நிஜமாகவே இதயம். ஐந்துக்கு மூன்றரை தருவேன். வாங்கினால் புத்தகத்தோடு ஒவ்வொன்றாகச் சரிபார்த்துவிட்டு வகுப்புக்கு எடுத்துப் போங்கள்.

பழையதைத் திருப்பி அனுப்ப வேண்டாம் என்றார்கள். லேபிளை உரிக்காமல் வைத்திருக்கிறேன், அடுத்த தேர்வில் ஒரு கேள்வி ஆச்சு.