பர்லியார் மங்குஸ்தான் கடை: நம்பி வாங்கலாம்

குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் வழியில், பர்லியாரில் ரோட்டோரமாக வரிசையாகப் பழக்கடைகள் இருக்கும். அதில் நீலத் தார்ப்பாய் கட்டிய கடைசிக் கடையைப் பற்றித்தான் சொல்கிறேன். மங்குஸ்தான் சீசனில் வேறெங்கும் வாங்க எனக்கு மனசு வராது.

கடைக்கார அம்மா பழத்தைத் தொட்டுப் பார்க்க விடுவார். "அமுக்கிப் பாத்து எடு கண்ணு, கட்டையாட்டம் இருந்தா வெச்சிரு" என்று அவரே சொல்வார். ஓடு விரலுக்கு லேசாக அமுங்கினால் பழம் புதுசு. கீழே விழுந்து அடிபட்டால் அந்த இடம் இறுகிவிடும், உள்ளே சுளையும் கெட்டிருக்கும். பழத்தின் அடியில் பூ மாதிரி ஒரு முத்திரை இருக்கும் பாருங்கள், அதில் எத்தனை இதழோ உள்ளே அத்தனை சுளை. நான் ஆறு, ஏழு இதழ் உள்ளதாகப் பொறுக்குவேன். சுளை சிறிசு, ஆனால் பெரும்பாலும் கொட்டை இருக்காது. ஓட்டுச் சாறு துணியில் பட்டால் கறை போகாது, குழந்தைகளுக்கு உரித்துக் கொடுத்துவிடுங்கள்.

கடையில் நாற்றும் வைத்திருந்தார். குன்னூர் வீட்டில் நடக் கேட்டேன். "அந்தக் குளிருக்கு வராது கண்ணு, காசை வீணாக்காதே" என்று தரவே மறுத்துவிட்டார். அவர்மேல் எனக்கு மதிப்பு கூடியது அங்கேதான். மங்குஸ்தானின் பூர்வீகம் மலேசியா, இந்தோனேசியா பக்கத்து மழைக்காடு. வருஷம் முழுக்க வெக்கையும் ஈரமும் இருக்கும் இடத்தில், பெரிய மரங்களின் நிழலில் நிதானமாக வளரும் மரம் அது. கொட்டை காய்ந்தால் முளைக்காது. முளைத்த கன்றும் காய்க்க 8, 10 வருஷம் ஆகும். மகரந்தம் சேராமலே கொட்டை பிடிப்பதால் கன்று அப்படியே தாய் மரம்தான். 1,800 மீட்டருக்கு மேலே இருக்கும் குன்னூர்ப் பனியில் அது என்ன செய்யும்? கீழே பர்லியார்ப் பள்ளத்தில் அந்த வெக்கை கிடைக்கிறது. 1871-இல் தொடங்கிய அரசுப் பண்ணையில் இன்றும் காய்க்கிறது.

குறை என்றால், காரில் வருபவர்களுக்காகக் கட்டி வைத்திருக்கும் அரைக்கிலோ பொட்டலம். அதில் கட்டைப் பழம் ஒன்றிரண்டு கலந்திருக்கிறது, அது வேண்டாம். வண்டி நிறுத்த இடமும் குறைவு. குரங்கு வேறு பையோடு பறித்துவிடும். துரியனும் விற்கிறார், நான் வாங்கியதில்லை.

அப்புறம், விடாமல் மழை பெய்த வாரத்தில் சுளையில் மஞ்சள் பால் இறங்கிக் கசக்கும். கேட்டால், "இப்ப வேண்டாம், வெயில் அடிச்சப்பறம் வா" என்று அந்த அம்மாவே சொல்லிவிடுவார்.