யூத வெறுப்புப் புகாரும் தேர்தல் நாட்காட்டியும்: லேபர் கட்சியின் புகார் பிரிவு எப்படி?

பிரச்சாரத்தின் நடுவில் ஒரு வேட்பாளர் மீது யூத வெறுப்புக் குற்றச்சாட்டு வந்தால் முதலில் பதில் சொல்ல வேண்டியது அவருடைய கட்சிதான். பிரிட்டனின் லேபர் கட்சி இதற்காக நடத்தும் புகார் பிரிவை ஒரு சேவையாக வைத்து இங்கே எடைபோடுகிறோம். சந்தா கட்டும் உறுப்பினர், வாக்களிக்கப்போகும் யூதக் குடிமக்கள், குற்றம் சாட்டப்பட்டவர் என எல்லோருக்கும் அது ஒரே நேரத்தில் நியாயமாக நடந்துகொள்ள வேண்டும். தேர்தல் இல்லாத காலத்தில் இப்போது ஓரளவு ஒழுங்காக நடக்கிறது. தேர்தல் வந்ததும் தடுமாறுகிறது. பெரும்பாலும் வேட்புமனு முடியும் நாளை ஒட்டித்தான் அந்தத் தடுமாற்றம்.

அந்த நாள் ஏன் அவ்வளவு முக்கியம்? நாடாளுமன்றத் தேர்தலில் வேட்புமனு, வாக்குப்பதிவுக்கு 19 வேலை நாட்களுக்கு முன் மாலை 4 மணிக்கு முடிகிறது. வாபஸ் பெறவும் அதே மணிதான் கடைசி. கட்சிப் பெயரைப் பயன்படுத்த, கட்சியின் நியமன அதிகாரி தரும் சான்றை மனுவோடு கொடுக்க வேண்டும். மணி நான்கைத் தாண்டிய பிறகு கட்சி வேட்பாளரைக் கைகழுவினாலும் அந்தச் சான்றைத் திரும்பப் பெற வழியில்லை. வாக்குச்சீட்டில் கட்சியின் பெயர் அப்படியே அச்சாகும்.

2024-இல் ரோச்டேல் இடைத்தேர்தலில் நடந்தது இதுதான். எம்.பி.யாக இருந்த டோனி லாயிட் ஜனவரி 17 அன்று இறந்தார். பிப்ரவரி 2 அன்று வேட்புமனு முடிந்தது. வேட்பாளரைத் தேர்ந்தெடுத்து அவருடைய பின்னணியையும் சரிபார்க்கக் கிடைத்தவை 16 நாட்கள். லேபர் வேட்பாளர் அஸார் அலி ஒரு கட்சிக் கூட்டத்தில், 2023 அக்டோபர் 7 ஹமாஸ் தாக்குதலை இஸ்ரேலே நடக்கவிட்டது என்ற பொருளில் பேசிய ஒலிப்பதிவு மனு முடிந்த பிறகு பத்திரிகையில் வந்தது. அவர் மன்னிப்புக் கேட்டார். கட்சி முதலில் அவர் பக்கம் நின்றது. மேலும் சில பேச்சுகள் வெளியானதும் பிப்ரவரி 12 அன்று ஆதரவை விலக்கிக்கொண்டது. பிப்ரவரி 29 அன்று வாக்குச்சீட்டில் அவர் லேபர் வேட்பாளராகவே இருந்தார். நான்காம் இடம். எதிர்த்து நின்ற ஜார்ஜ் கேலவே 5,697 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார்.

பின்னணிச் சரிபார்ப்பு என்றால் பெரும்பாலும் சமூக வலைத்தளப் பதிவுகளைத் தேடுவதுதான். மூடிய கூட்டத்தில் பேசியது அந்தத் தேடலில் சிக்காது. வேட்பாளரையே உட்காரவைத்து நேராகக் கேட்டு, கையெழுத்தோடு பதில் வாங்கி வைத்தால்தான் பின்னால் பொய் சொன்னாரா மறந்துவிட்டாரா என்று பிரித்துப் பார்க்க முடியும்.

லேபர் கட்சி மட்டும் சறுக்கிய இடமல்ல இது. 2019 பொதுத்தேர்தலில் நவம்பர் 14 அன்று மனு முடிந்தது. இரண்டு வாரம் கழித்து ஸ்காட்லாந்து தேசியக் கட்சி, கிர்க்கால்டி–கவ்டன்பீத் வேட்பாளர் நீல் ஹான்வியை அவருடைய பழைய முகநூல் பதிவுகளுக்காகக் கைவிட்டது. அவர் அதே கட்சிப் பெயரோடு 1,243 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்து, சுயேச்சையாக அவையில் உட்கார்ந்தார். அந்தத் தொகுதி வாக்காளர் எதற்கு வாக்களித்தார் என்று யாராலும் சொல்ல முடியாத நிலை. இதை நிர்வாகக் கோளாறு என்று ஒதுக்கிவிட முடியாது.

இனி லேபரின் பழைய புகார் பிரிவு. அதைப் பற்றிய அதிகாரபூர்வ மதிப்பீடு ஏற்கெனவே இருக்கிறது. பிரிட்டனின் சமத்துவ மற்றும் மனித உரிமைகள் ஆணையம் 2019 மே மாதம் விசாரணையைத் தொடங்கி, 2020 அக்டோபர் 29 அன்று அறிக்கை தந்தது. சமத்துவச் சட்டத்தைக் கட்சி மூன்று விதங்களில் மீறியதாக முடிவு: புகார் விசாரணையில் அரசியல் தலையீடு, புகாரைக் கையாள்வோருக்குப் போதிய பயிற்சி இல்லாமை, கட்சியின் முகவர்கள், அதாவது அதன் சார்பில் செயல்பட்டவர்கள், செய்த துன்புறுத்தல். ஆராய்ந்த 70 கோப்புகளில் 23-இல் தலைவர் அலுவலகமோ அதைச் சார்ந்தவர்களோ தலையிட்டிருந்தார்கள். புகார் மின்னஞ்சல் பெட்டியைப் பல ஆண்டுகளாகப் பெரும்பாலும் யாரும் கவனிக்கவே இல்லை. பாலியல் தொல்லைப் புகார்களுக்கென்று தனி நடைமுறை அதே கட்சியில் அப்போதே இருந்தது என்பதுதான் இதில் மனதை உறுத்துகிறது. செய்யத் தெரியாமல் இல்லை.

புதிய அமைப்புக்கான விதிமாற்றம் 2021 செப்டம்பர் மாநாட்டில் நிறைவேறியது. ஊழியர்கள் விசாரிக்கிறார்கள். தேசியச் செயற்குழுவின் குழு ஒன்று முடிவெடுக்கிறது. கட்சிக்கு வெளியே உள்ள வழக்கறிஞர் அந்த முடிவைச் சரிபார்த்து, பிழை இருந்தால் திருப்பி அனுப்பலாம். 2023 பிப்ரவரியில் ஆணையம் திருப்தி தெரிவித்துக் கண்காணிப்பை முடித்துக்கொண்டது. உண்மையான முன்னேற்றம் இது. குறைத்துச் சொல்ல மாட்டோம்.

ஆனால் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குப் பெரும்பாலும் தெரியாத ஒன்று உண்டு: இங்கே கதவுகள் மூன்று. கட்சி உறுப்பினர் பதவி ஒன்று. நாடாளுமன்றக் குழுவில் இடம், அதாவது கொறடாவின் கட்டுப்பாட்டில் இருப்பது, இரண்டாவது. வேட்பாளராக அங்கீகாரம் மூன்றாவது. வெளி வழக்கறிஞர் காவல் நிற்பது முதல் கதவில்தான். மற்ற இரண்டின் சாவியும் தலைமையிடமும் செயற்குழுவிடமும் இருக்கிறது. தேர்தல் நேரத்தில் அடிபடுவதோ அந்த இரண்டு கதவுகள்தான்.

லேபர் எம்.பி. டயான் அபோட் விஷயத்தைப் பாருங்கள். 2023 ஏப்ரல் 23 அன்று வெளியான ஒரு கடிதத்தில், யூதர்களும் ஐரிஷ் மக்களும் நாடோடிச் சமூகத்தினரும் அனுபவிப்பது பாரபட்சம், கறுப்பர்கள் அனுபவிக்கும் இனவெறி அல்ல என்ற பொருளில் எழுதினார். அன்றே மன்னிப்புக் கேட்டார், அன்றே இடைநீக்கம். 13 மாதம் கழித்து, 2024 மே 28 அன்று, பொதுத்தேர்தல் அறிவித்த ஆறாம் நாள்தான் நாடாளுமன்றக் குழுவில் இடம் திரும்பக் கிடைத்தது. விசாரணை முந்தைய டிசம்பரிலேயே முடிந்துவிட்டது என்பதும் அந்த வாரத்தில்தான் வெளியே தெரிந்தது. தவறைக் கண்டித்தது சரி. முடிந்த வழக்கின் முடிவைச் சொல்லாமல் வைத்திருந்தது சரியல்ல. அந்தக் கடிதத்தால் புண்பட்ட யூதர்களுக்கும் பதில் கிடைக்கவில்லை, அபோட்டுக்கும் கிடைக்கவில்லை.

மறுநாள், மே 29 அன்று, சிங்ஃபர்ட்–வுட்ஃபர்ட் கிரீன் லேபர் வேட்பாளர் ஃபைஸா ஷாஹீன் நீக்கப்பட்டார். காரணம், அவர் ட்விட்டரில் விருப்பம் தெரிவித்திருந்த பதிவுகள். அவற்றில் ஒன்று 2014-ஐச் சேர்ந்தது. அவரைத் தேர்ந்தெடுத்ததோ 2022-இல். இடைப்பட்ட காலத்தில் பார்க்க முடிந்ததை மனு முடிய ஒன்பது நாள் இருக்கும்போது பார்த்தால், தீர்ப்பு சரியாகவே இருந்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள். அவர் சுயேச்சையாக நின்றார். வாக்கு பிரிந்தது. கன்சர்வேட்டிவ் வேட்பாளர் இயன் டங்கன் ஸ்மித் 4,758 வாக்கு வித்தியாசத்தில் தப்பினார்.

எதை யூத வெறுப்பு என்று கொள்வது? சர்வதேச ஹோலோகாஸ்ட் நினைவுக் கூட்டமைப்பு 2016-இல் ஏற்ற வரையறையைத்தான் கட்சி பயன்படுத்துகிறது. அதிலுள்ள 11 எடுத்துக்காட்டுகளையும் முழுமையாக ஏற்க லேபர் 2018 செப்டம்பர் வரை இழுத்தடித்தது. அந்த எடுத்துக்காட்டுகளை ‘ஆம், இல்லை’ பட்டியலாகப் பயன்படுத்துவது பெரிய தவறு. முழுச் சூழலையும் பார்க்க வேண்டும் என்று வரையறையே சொல்கிறது. மற்ற நாடுகளை விமர்சிப்பது போலவே இஸ்ரேலை விமர்சிப்பது யூத வெறுப்பு ஆகாது என்றும் அதிலேயே இருக்கிறது. இஸ்ரேல் அரசின் குண்டுவீச்சைக் கண்டிப்பவர் வேறு, அதற்காக உள்ளூர் யூத ஜெபாலயத்தைப் பொறுப்பாக்குபவர் வேறு. விசாரிப்பவருக்கு இந்த வேறுபாடு தெரியாவிட்டால் நடைமுறை எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை.

‘எல்லாம் அவதூறு, தேர்தலுக்காகக் கிளப்பியது’ என்ற பதில்தான் அதிகம் சேதம் செய்வது. உண்மையான யூத வெறுப்புப் புகார்களைப் போலி என்று சொல்வதையும் துன்புறுத்தலின் ஒரு வடிவமாக ஆணையம் கணக்கில் எடுத்தது. அதே அறிக்கை, கட்சிக்குள் இந்தப் பிரச்சினை எவ்வளவு பெரியது என்று தன் அனுபவத்திலிருந்து, சட்டத்துக்கு உட்பட்டுக் கருத்துச் சொல்ல உறுப்பினருக்கு உரிமை உண்டு என்றும் சொன்னது. கட்சியே அமர்த்திய வழக்கறிஞர் மார்ட்டின் ஃபோர்டு 2022 ஜூலையில் தந்த அறிக்கை, கட்சிக்குள் மோதிய இரு கோஷ்டிகளுமே இந்த விஷயத்தை ஆயுதமாக எடுத்தன என்றது. மூன்றையும் சேர்த்துப் படிக்காமல் ஒன்றை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு சண்டைக்கு வருபவர்களே அதிகம்.

எதிர்க்கட்சி வேட்பாளர் மீது குற்றம் சாட்டித் துண்டறிக்கை அடிப்பவர்கள் 1983-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 106-ஆம் பிரிவைப் படித்துவிட்டு அச்சகத்துக்குப் போக வேண்டும். வேட்பாளரின் தனிப்பட்ட குணம் அல்லது நடத்தை பற்றிப் பொய்யான தகவல் தருவது தேர்தல் குற்றம். உண்மை என்று நம்ப நியாயமான ஆதாரம் இருந்ததாகக் காட்டினால்தான் தப்பலாம். 2010-இல் ஓல்டம் ஈஸ்ட்–சாடில்வொர்த் தொகுதியின் தேர்தல் முடிவு இந்தப் பிரிவின் கீழ்தான் செல்லாமல் போனது.

புகார் தருபவர்களுக்கு: சொன்ன சொற்களை அப்படியே எடுத்து எழுதுங்கள், உங்கள் விளக்கத்தைத் தனியாக வையுங்கள். ஸ்கிரீன்ஷாட்டில் தேதியும் கணக்கின் பெயரும் முகவரி வரியும் தெரிய வேண்டும். அந்தப் பதிவுக்கு முன்னும் பின்னும் வந்த உரையாடலும் சேரட்டும். வெட்டி எடுத்த ஒற்றை வரி விசாரணையில் நிற்காது. ஒலிப்பதிவு என்றால் முழுப் பதிவையும் கொடுங்கள், எந்த நிமிடம் என்று குறித்து. ஒருவரைப் பற்றிய பத்துப் பதிவுகளை ஒரே புகாராக, வரிசை எண் போட்டு அனுப்புங்கள். பெற்றுக்கொண்டதற்கான பதிலைப் பத்திரமாக வையுங்கள். எல்லாவற்றையும் வேட்பாளர் அறிவிப்பு வந்த வாரத்திலேயே செய்துவிடுங்கள். மனு முடிந்த மறுநாள் அனுப்பும் புகார், எவ்வளவு வலுவாக இருந்தாலும், அச்சான வாக்குச்சீட்டை மாற்றாது.