ஒளியும் எதிர்ப்பாற்றல் மருந்தும்: எந்தக் கூட்டணி தேறும்?

நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் போன்ற மருந்துகள் நோய் எதிர்ப்பு உயிரணுக்களுக்குப் புற்றுநோய் பூட்டிய கடிவாளத்தை அவிழ்த்துவிடுகின்றன. ஆனால் தலை, கழுத்துப் பகுதியில் திரும்ப வந்த புற்றுநோய்க்கு நிவோலுமாபைத் தனியாகக் கொடுத்த பெரிய பரிசோதனையில், கட்டி சுருங்கியது நூற்றுக்குச் சுமார் 13 பேருக்குத்தான். அணுக்கள் அவிழ்ந்து வந்தால் மட்டும் போதாது, எதைத் தாக்குவது என்றும் அவற்றுக்குத் தெரிய வேண்டும். அதைக் காட்டிக்கொடுக்க ஒளியைத் துணைக்கு அழைக்கிறார்கள். (நம் ஊரில் ‘கரண்ட் வைப்பது’ என்கிறார்களே, அந்தக் கதிர்வீச்சு அல்ல இது, கண்ணுக்குத் தெரியும் சிவப்பு ஒளி.)

துணைக்கு வரும் ஒளியில் இரண்டு வகை உண்டு. பழையது, ஒளி பட்டால் வேலை செய்யும் ஃபோட்டோஃப்ரின் என்ற மருந்து. ஊசி போட்டு ஏறக்குறைய இரண்டு நாள் கழித்து 630 நானோமீட்டர் லேசரைப் பாய்ச்சினால், மருந்து ஆக்ஸிஜனைத் தூண்டிக் கட்டியைப் பொசுக்கும். அமெரிக்காவில் 1995இல் உணவுக்குழாய்ப் புற்றுக்கு ஒப்புதல் பெற்றது. சாகும் அணுக்கள் எதிர்ப்பாற்றலை உசுப்பும் பொருள்களைக் கசியவிடுவது உண்மைதான். ஆனால் மருந்து தோலிலும் தங்கிவிடுகிறது. குறைந்தது ஒரு மாதம் வெயில் ஆகாது. சன்ஸ்கிரீன் பூசியும் பயனில்லை, ஏனென்றால் அது தடுப்பது புற ஊதாக் கதிரை. அதற்காக இருட்டறையிலேயே முடங்கவும் கூடாது. வீட்டுக்குள் இருக்கும் மிதமான வெளிச்சம்தான் தோலில் தங்கிய மருந்தைச் சிறிது சிறிதாகச் சிதைக்கும். கட்டிக்குள் நுழையும் எதிர்ப்பு அணுக்களையும் அருகிலுள்ள நல்ல திசுவையும் இந்த ஒளி பார்த்து விலக்குவதில்லை என்பது என் பெரிய தயக்கம். கூட்டணிக்கு வரவேண்டிய படையையே சுட்டால் என்ன பயன்?

புதிய வகை அங்கேதான் வேறுபடுகிறது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் ஹிசதகா கோபயாஷியின் குழு 2011இல் வெளியிட்ட வழி இது. புற்று உயிரணுவின் மேலுள்ள புரதத்தைத் தேடி ஒட்டும் எதிர்ப்புரதத்தோடு ஒரு சாயத்தைப் பிணைக்கிறார்கள். மறுநாள் 690 நானோமீட்டர் ஒளி பட்டதும், நீரில் கரையும் அந்தச் சாயம் நீரை வெறுப்பதாக மாறித் திரள்கிறது. அணுவின் சவ்வு கிழிந்து, அணு உப்பி வெடிக்கிறது. சாயம் ஒட்டாத பக்கத்து அணுக்கள் பெரும்பாலும் தப்பிவிடும். உள்ளிருப்பது அப்படியே வெளியே கொட்டுவதால் எதிர்ப்பு அணுக்களுக்குப் புற்றின் அடையாளம் கிடைக்கிறது. எலிகளில் இதோடு கடிவாளம் அவிழ்க்கும் மருந்தையும் சேர்த்தபோது, ஒளியே படாத தொலைக் கட்டிகளும் சுருங்கின.

செடுக்ஸிமாப் என்ற எதிர்ப்புரதத்தோடு சாயம் பிணைத்த அகாலக்ஸ் என்ற மருந்துக்கு, தலை, கழுத்துப் புற்றுக்காக ஜப்பான் 2020இல் நிபந்தனையோடு ஒப்புதல் தந்தது. 30 பேரிடம் நடந்த ஆரம்பப் பரிசோதனையில், ஒளிச் சிகிச்சை மட்டுமே பெற்றும் 43 விழுக்காட்டினருக்குக் கட்டி குறிப்பிடத்தக்க அளவு சுருங்கியது. சிறிய எண்ணிக்கை, ஒப்பிட மறுதரப்பும் கிடையாது. குறைகளும் உண்டு: வலி, தொண்டை வீக்கம், சில வாரம் வெயிலைத் தவிர்ப்பது. கழுத்துத் தமனிக்குள் கட்டி ஊடுருவியவர்களுக்கு இதைக் கொடுக்கவே கூடாது. கட்டி வெடித்துக் கரைந்தால் ரத்தக்குழாயும் திறந்துகொள்ளலாம். ஒளி சென்டிமீட்டர் கணக்கில்தான் இறங்கும். ஆழமான கட்டிக்குள் ஊசி வழியே ஒளியிழையைச் செருக வேண்டும்.

இரண்டில் ஒன்றைக் கைகாட்டச் சொன்னால், வாய், தொண்டைப் புற்றுக்கு என் ஓட்டு இரண்டாவதற்கே. ஆனால் பெம்ப்ரோலிசுமாபுடன் சேர்ந்து மனிதரிடம் ஆயுளை நீட்டுமா என்பது பெரிய பரிசோதனைகளில் நிரூபணமாக வேண்டும்.

இந்தியாவில் இந்தக் கூட்டணிக்குப் போட்டி வேறு இடத்திலிருந்து வருகிறது. மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் தலை, கழுத்துப் புற்றுக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெறும் 20 மில்லிகிராம் நிவோலுமாபை, மலிவான மூன்று மாத்திரைகளோடு சேர்த்துக் கொடுத்தார்கள். மாத்திரை மட்டும் பெற்றவர்களில் ஓராண்டு உயிரோடிருந்தவர்கள் 16 விழுக்காடு, நிவோலுமாபும் சேர்த்துப் பெற்றவர்களில் 43 விழுக்காடு. லேசரும் சாயமும் இல்லாமல் கிடைத்த இந்தப் பலனைத் தாண்டினால்தான், ஒளிக் கூட்டணிக்கு இங்கே யாரும் செலவழிக்க முன்வருவார்கள்.