ஓலாப்ளெக்ஸா, கே18-ஆ, கெரட்டினா? எண்ணெய்த் தலைக்கும் உப்புத் தண்ணிக்கும் ஒத்துவருவது எது

இடுப்பு வரைக்கும் முடி. அதில் பாதிக்கு ஸ்மூத்தனிங் பண்ணியாச்சு, அதுக்கு மேல ஹைலைட்ஸ் வேற. சீப்பை வைத்தால் அரை விரல் நீளத்துக்குத் துண்டு துண்டாக உடைந்து வந்தது. பார்லரில் “கெரட்டின் போட்டுரலாம்க்கா, ஒரே சிட்டிங்தான்” என்றார்கள். சித்தி மகள் கே18 வாங்கச் சொன்னாள். நான் வாங்கியது ஓலாப்ளெக்ஸ் நம்பர் 3. இரண்டுமே அடிபட்ட முடிக்கு வீட்டிலேயே போட்டுக்கொள்கிற சிகிச்சைகள். இன்னமும் அதில்தான் ஓடுகிறது.

எதை வாங்குவதற்கும் முன்னால் உதிர்ந்த முடியைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரு முனையில் வெள்ளையாகக் குட்டிக் குமிழ் இருந்தால் அது வேரோடு விழுந்தது. இரும்புச்சத்து, தைராய்டு, பிரசவம், பெரிய காய்ச்சல் என்று அதற்குக் காரணங்களே வேறு; தோல் டாக்டரைப் பாருங்கள், எந்த பாட்டிலும் வேண்டாம். குமிழே இல்லாமல் இருந்தால் நடுவில் உடைந்த முடி. நான் பேசுவது அதைப் பற்றித்தான். ஈரமாக இருக்கும்போது ஒற்றை முடியை மெதுவாக இழுத்தால் இன்னும் நன்றாகத் தெரியும். நல்ல முடி கொஞ்சம் நீண்டு, விட்டதும் சுருங்கிக்கொள்ளும். அடிபட்ட முடி சூயிங்கம் மாதிரி நீண்டுகொண்டே போய் அறுந்துவிடும்.

கெரட்டினை நான் சீக்கிரமே கழித்துவிட்டேன். மேலே பூசி, சூடான அயர்னை வைத்து இழுத்துப் படியவைக்கிற வேலை அது. பளபளப்பு அன்றைக்கே வந்துவிடும், மறுக்கவில்லை. ஆனால் சில மாதம் தலைக்குக் குளித்தால் போய்விடும், ஏற்கெனவே ப்ளீச் பட்ட முடிக்கு மறுபடி அவ்வளவு சூடு வேறு. ஃபார்மால்டிஹைட் இல்லை என்று விற்கிற பலவற்றில் கிளையாக்ஸிலிக் அமிலம் இருக்கிறது. அது கலந்த ஸ்ட்ரெய்ட்டனிங் க்ரீம் போட்ட ஒரு பெண்ணுக்கு, போட்ட மூன்று தடவையும் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை 2024-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் பிரெஞ்சு டாக்டர்கள் எழுதியிருந்தார்கள். அதைப் படித்த பிறகு யோசிக்க எதுவும் இல்லை.

மிச்சம் இருப்பது பாண்ட் சமாச்சாரம், அதாவது முடிக்குள் இருக்கிற பிணைப்புகளைச் சரிசெய்கிறோம் என்று வருகிற ஓலாப்ளெக்ஸும் கே18-உம். முடி என்பது கெரட்டின் புரதச் சரங்கள். இரண்டு கந்தக அணுக்கள் கைகோத்த டைசல்ஃபைட் பிணைப்புகள்தான் அந்தச் சரங்களைக் குறுக்கே பிடித்து வைத்திருக்கின்றன. ஸ்மூத்தனிங் க்ரீம் அந்தக் கையை அவிழ்த்து, முடியை நேராக்கி, மறுபடி சேர்க்கப் பார்க்கிறது. எல்லாக் கையும் திரும்பச் சேர்வதில்லை. ப்ளீச் இன்னும் மோசம். கந்தகத்தையே ஆக்ஸிஜனேற்றி, இனிமேல் சேரவே முடியாத அமிலமாக்கிவிடுகிறது. அதனால் ‘முழுசா சரியாகிடும்’ என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

ஓலாப்ளெக்ஸ் 2014-இல் அமெரிக்காவில் வந்தது. கிரெய்க் ஹாக்கர், எரிக் பிரெஸ்லி என்ற இரண்டு வேதியியலாளர்கள் பிடித்த மூலக்கூறு. லேபிளில் பிஸ்-அமினோபுரொப்பைல் டைகிளைக்கால் டைமாலியேட் என்று நீளமாக இருக்கும். தனியாக நிற்கிற கந்தகங்களைப் பிடித்து இடையில் பாலம் போடும் என்கிறது கம்பெனி. 2020-இல் வந்த கே18 ஒரு குட்டிப் பெப்டைடு, அதாவது புரதத் துண்டு. உள்ளே போய் அறுந்த புரதச் சரத்தையே இணைக்கும் என்பது அவர்கள் தரப்பு. இரண்டு பேருமே ஆதாரமாகக் காட்டுவது பெரும்பாலும் சொந்த ஆய்வுகளைத்தான். ஆகவே வேதியியலை வைத்து நான் முடிவு பண்ணவில்லை. வீட்டில் தலைக்குக் குளிக்கிற நாள் எப்படிப் போகிறது என்பதை வைத்துத்தான் பண்ணினேன்.

கே18 போட ஷாம்பூ மட்டும் போட வேண்டும், கண்டிஷனர் கூடாது. துண்டால் ஒற்றி, ஈர முடியில் தடவி, நாலு நிமிஷம் விட்டு, அலசாமல் அப்படியே வைக்க வேண்டும். முதல் நாலிலிருந்து ஆறு குளியலுக்குத் தொடர்ந்து இப்படி, அப்புறம் மூணு நாலு குளியலுக்கு ஒருமுறை. கேட்க லேசாக இருக்கிறது. எங்கள் வீட்டில் போர் தண்ணி. மதுரை வில்லாபுரம் பக்கம் வந்து குளியலறை வாளியின் விளிம்பைப் பாருங்கள், சுரண்டினால் உதிராத வெள்ளைப் படிவு. அதே கால்சியம்தான் முடியிலும் ஏறுகிறது. ப்ளீச் பட்ட முடி அதைக் கூடுதலாகவே பிடித்து வைத்துக்கொள்ளும். அந்தத் தண்ணியில் கண்டிஷனர் இல்லாமல் அலசின இடுப்பளவு முடி காய்வதற்குள் சிக்குப் பிடித்துவிடும். சிக்கை எடுக்கையில் உடைகிற முடிக்கு எந்தப் பெப்டைடு ஈடு கட்டும்?

நம்பர் 3-க்கு வரிசை தலைகீழ். ஈர முடியில் தடவி குறைந்தது பத்து நிமிஷம் ஊறவிட்டு, அலசி, பிறகு ஷாம்பூ, கடைசியில் கண்டிஷனர். குளித்து முடிக்கும்போது முடி வழுக்கிக்கொண்டு இருக்கும், சீப்பு இறங்கும். நீள முடிக்காரர்களுக்கு இந்த ஒன்று போதும் என்பேன்.

இதிலும் இடைஞ்சல் உண்டு. எண்ணெய் இருக்கிற தலையில் போட்டால் சரியாக உள்ளே இறங்காது. சனிக்கிழமை ராத்திரி எண்ணெய் வைத்தால் ஞாயிறு காலையில் ஒரு ஷாம்பூ, நம்பர் 3, மறுபடி ஒரு ஷாம்பூ என்று வாளி வாளியாகத் தண்ணி போகும். அதனால் இந்த வாரம் எண்ணெய்க் குளியல், அடுத்த வாரம் நம்பர் 3 என்று மாற்றி மாற்றி வைத்துக்கொண்டேன். எண்ணெய் இல்லாத வாரம் அம்மாவுக்கு ஆகாது: “ஒரு சொட்டு எண்ணெய் இல்லாம பரட்டையாத் திரியிறியேடி!” அம்மா பக்கமும் நியாயம் இருக்கிறது. தேங்காய் எண்ணெய் முடிக்குள் இறங்கி, கழுவும்போது புரதம் வெளியேறுவதைக் குறைக்கிறது என்று 2003-இல் வந்த இந்திய ஆய்வே சொல்கிறது. மினரல் ஆயிலும் சூரியகாந்தி எண்ணெயும் அதில் அப்படித் தேறவில்லை. சீயக்காய்த் தூளை மட்டும் நிறுத்திவிட்டேன், அந்தத் திப்பியைச் சீவி எடுக்கையிலேயே முடி போகிறது.

உப்புத் தண்ணிக்காரர்கள் மாதத்துக்கு ஒருமுறை ஈடிடிஏ (கால்சியத்தைப் பிடித்து இழுக்கிற பொருள்) இருக்கிற கிளாரிஃபையிங் ஷாம்பூவால், அதாவது படிவை நீக்குகிற ஷாம்பூவால் அலசிவிட்டு அதன்பின் நம்பர் 3 போடுங்கள். எனக்கு வித்தியாசம் கைக்கே தெரிந்தது. கடைசி அலசலுக்கு மட்டும் மாநகராட்சிக் குழாய்த் தண்ணி ஒரு குடம் ஒதுக்கினால் இன்னும் நல்லது.

பலன்? சீப்பில் வரும் துண்டுகள் நன்றாகக் குறைந்தன. பட்டுப்போல் ஆகவில்லை, அது இதன் வேலையும் இல்லை. பிளந்த நுனிகள் பிளந்தபடியே இருந்தன, வெட்டத்தான் வேண்டியிருந்தது.

கே18 பற்றி நான் அதிகம் பேச முடியாது. சித்தி மகளின் பாட்டிலிலிருந்து எடுத்துச் சிலமுறை போட்டதோடு சரி. தொட்டால் என் நம்பர் 3-ஐ விட மிருதுவாகவே இருந்தது. அவளுக்குத் தோள் வரைக்கும்தான் முடி, அண்ணா நகர் ஃப்ளாட்டில் வாட்டர் சாஃப்ட்னர் இருக்கிறது, எண்ணெய் பக்கமே போகமாட்டாள். அந்த நிலைமையில் நானும் அதைத்தான் எடுத்திருப்பேன். என் முடிக்கு அந்த 50 மில்லி பாட்டில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தீர்ந்துவிடும். நம்பர் 3 அதே காசுக்கு நிறைய நாள் வருகிறது.

சிட்ரிக் அமிலம் போட்டு ‘பாண்ட்’ என்று பெயர் வைத்து வருகிற மலிவு ஷாம்பூக்களும் உண்டு. டைசல்ஃபைடை அவை தொடுவதில்லை; அதைவிட வலுக்குறைந்த பிணைப்புகளைத்தான் இறுக்கும். தினசரிப் பராமரிப்புக்கு வாங்கலாம், அடிபட்ட முடிக்கு அதை மட்டும் நம்பவேண்டாம்.

அடுத்து மறுபடி ஹைலைட்ஸ் போடப்போகிறவர்கள் வீட்டு பாட்டிலுக்கு முன் பார்லரில் கேளுங்கள். ஓலாப்ளெக்ஸிலேயே ப்ளீச்சோடு கலக்கிற நம்பர் 1, அதை அலசினதும் போடுகிற நம்பர் 2 என்று தனியாக இருக்கின்றன. உடைவதற்கு முன்னாலேயே காப்பாற்றுவது அங்கேதான் நடக்கும். கலக்கும்போது பாட்டிலைக் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள்; பில்லில் மட்டும் அந்தப் பெயர் வருகிற இடங்களும் இருக்கின்றன.