ஹிட்லருக்கு விழுந்த குத்தும் அதன் பின்பக்கங்களும்: கேப்டன் அமெரிக்கா முதல் தொகுப்பு

மார்வெல் நிறுவனம் 2014இல் வெளியிட்ட ‘கோல்டன் ஏஜ் கேப்டன் அமெரிக்கா ஆம்னிபஸ்’ என்ற தடித்த காமிக்ஸ் தொகுப்பின் முதல் தொகுதியை இரண்டு மாதம் காத்திருந்து வாங்கினேன். விற்ற இணையக் கடை அதை வெறும் காகித உறையில் போட்டு அனுப்பியதால் ஒரு மூலை நசுங்கி வந்தது. மாற்றித் தரும்படி எழுதிய கடிதத்திற்கு இன்னும் பதில் இல்லை. அதை விட்டுவிட்டுப் புத்தகத்துக்கு வருகிறேன்.

மார்ச் 1941 முதல் மார்ச் 1942 வரை தேதியிட்ட ‘கேப்டன் அமெரிக்கா காமிக்ஸ்’ முதல் பன்னிரண்டு இதழ்கள் இதில் அடங்கியுள்ளன. முதல் இதழின் அட்டையில் மார்ச் 1941 என்று அச்சிடப்பட்டிருந்தாலும், அது 1940 டிசம்பரிலேயே கடைகளுக்கு வந்துவிட்டது. அதாவது, 1941 டிசம்பரில் ஜப்பான் நடத்திய பேர்ல் துறைமுகத் தாக்குதலுக்கு ஏறத்தாழ ஓராண்டு முன்பே, அமெரிக்கா போரில் இறங்காத நாட்களில், யூதக் குடும்பங்களில் பிறந்த, கேப்டன் அமெரிக்காவை உருவாக்கிய ஜோ சைமனும் ஜாக் கிர்பியும் ஹிட்லரின் தாடையில் குத்துவிடும் வீரனை வரைந்துவிட்டார்கள். அந்த அட்டையைப் பெரிய அளவில் நிதானமாகப் பார்க்க முடிவதே இந்தத் தொகுப்பின் முதல் மகிழ்ச்சி. அமெரிக்க வரைபடமும் நாசவேலைத் திட்டம் என்று எழுதிய தாளும் அறையில் கிடக்கின்றன. பின்னால் ஒரு திரையில் யாரோ ஆயுதத் தொழிற்சாலையைத் தகர்க்கிறான். பத்து சென்ட் கொடுத்து வாங்கிய சிறுவனுக்கு, கதையைப் படிக்கும் முன்பே உள்நாட்டில் ஒற்றர்கள் இருக்கிறார்கள் என்ற செய்தி போய்ச் சேர்ந்திருக்கும். இந்த அட்டைக்காக மிரட்டல்கள் வந்ததாகவும், நியூயார்க் மேயர் லா கார்டியா தொலைபேசியில் பேசிப் பாதுகாப்புக்கு உறுதியளித்ததாகவும் சைமன் பின்னாளில் எழுதியிருக்கிறார்.

இந்தத் துணிச்சலைப் பாராட்டிவிட்டு நிறுத்திக்கொள்ளும் விமர்சனங்களையே அதிகம் படித்திருக்கிறேன். என்னைத் தொந்தரவு செய்தது வேறு. முதல் இதழில் ரெட் ஸ்கல் என்ற வில்லனின் முகமூடியைக் கழற்றினால் உள்ளே நாஜிகளின் கையாளான ஜார்ஜ் மாக்சன் என்ற அமெரிக்க விமானத் தொழிலதிபர் இருக்கிறார். இரண்டாம் இதழில் ஹிட்லரும் அவருடைய தளபதி கோரிங்கும் கேப்டனிடமும் அவனுடைய இளம் துணைவன் பக்கியிடமும் அடிவாங்கும் கோமாளிகளாக வருகிறார்கள். நாஜி என்றால் அவனுக்கு ஒரு பெயர், ஒரு பதவி, கழற்றக்கூடிய ஒரு முகமூடி உண்டு. அதே இரண்டாம் இதழில் வரும் ‘சாகாத கீழைத்தேயத்தார்’ கதையிலோ எதிரிகளான ராட்சதர்களின் இனமே தலைப்பிலேயே அச்சம் தரும் சொல்லாகிவிடுகிறது. ஆகஸ்ட் 1941 தேதியிட்ட ஐந்தாம் இதழில் கேப்டன் ஒகாடா என்று பெயருள்ள ஜப்பானிய எதிரி ஒருவன் டிராகன் வடிவ நீர்மூழ்கியுடன் வருகிறான். ஆனால் அவனுக்குக் கழற்ற முகமூடி கிடையாது, முகமே குற்றத்தின் அடையாளமாக வரையப்பட்டிருக்கிறது.

போர் வந்ததால்தான் இப்படி வரைந்தார்கள் என்று சொல்லிவிட முடியாது. ஃபூ மாஞ்சு என்ற சீன வில்லன் போன்ற கதாபாத்திரங்கள் வழியாக மலிவு நாவல்களில் 1910கள் முதலே புழங்கிய உருவங்கள் இவை. போர் அவற்றுக்கு ராணுவச் சீருடை மாட்டிவிட்டது. இங்கேதான் தொகுப்பின் எல்லை இடிக்கிறது. பன்னிரண்டாம் இதழோடு புத்தகம் முடிந்துவிடுகிறது. ‘பேர்ல் துறைமுகத்தை மறவாதே’ என்ற முழக்கத்துடன் வந்தது ஏப்ரல் 1942 தேதியிட்ட பதின்மூன்றாம் இதழ். அதன் பிறகுதான் கோரைப்பல்லும் நகமுமான ஜப்பானியர்கள் அட்டைகளை நிரப்பினார்கள். போட்டி நிறுவனத்தின் சூப்பர்மேனும் மார்ச் 1943 ஆக்‌ஷன் காமிக்ஸ் அட்டையில், போர்ப் பத்திரம் வாங்கி ‘ஜாப்’பை அறையலாம் என்று, ஜப்பானியரை இழிவுபடுத்தும் வசைச்சொல்லோடு பிரசுரம் அச்சிட்டுக்கொண்டிருந்தார். அதே ஆண்டுகளில், 1942 பிப்ரவரியில் பிறப்பிக்கப்பட்ட அமெரிக்க அதிபரின் 9066ஆம் ஆணையின் கீழ், ஏறத்தாழ 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினர் முகாம்களில் அடைக்கப்பட்டிருந்தார்கள். அவர்களில் பெரும்பான்மையினர் அமெரிக்கக் குடிமக்கள். இந்தத் தொகுதியை மட்டும் படிப்பவருக்குக் கிடைப்பது முன்னுரைதான்.

ஓவியத்தைப் பொறுத்தவரை கிர்பியின் உருவங்கள் கட்டத்தை உடைத்துக்கொண்டு பாய்கின்றன. இரும்புக்கை மாயாவியின் கறுப்பு வெள்ளைப் பக்கங்களில் பழகிய என் கண்ணுக்கு இந்த வேகம் புதிதாகவே இருந்தது. கதைகள் அப்படியல்ல. ஒற்றன், கடத்தல், அடிதடி என்று மூன்றாம் இதழுக்குள் சலித்துவிடுகின்றன. மே 1941 இதழில், பின்னாளில் மார்வெலின் புகழ்பெற்ற எழுத்தாளரான ஸ்டான் லீ எழுதிய இரண்டு பக்க உரைநடைக் கதையும் வரலாற்று ஆர்வத்துக்கு மட்டுமே.

காமிக்ஸ் வரலாற்றில் அக்கறை உள்ளவர்கள் வாங்கலாம். ஐந்தில் மூன்றரை நட்சத்திரம் தருவேன். பத்து வயதுப் பிள்ளையிடம் தனியே கொடுக்காதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்து படியுங்கள். எடை அதிகம் என்பதால் படுத்துக்கொண்டு படிக்கவும் முடியாது, மேசை வேண்டும்.