ரெடிமேட் ரிப் கஃப் ஜோடி: லைக்ரா இருந்தால் மட்டும் வாங்குங்கள்

ஸ்வெட்ஷர்ட், முழுக்கை டி-ஷர்ட் இவற்றின் கை ஓரம் நைந்துபோனால் மாற்றித் தைப்பதற்கென்றே ரிப் கஃப் (வரிவரியாகப் பின்னிய, இழுபடும் துணியில் செய்த கைப்பட்டி) ஜோடியாகப் பாக்கெட்டில் வருகிறது. வட்டமாக மூட்டி, பாதியாக மடித்தே இருக்கும். கையில் இணைக்க வேண்டியதுதான் பாக்கி. ஒரே ஒரு உடுப்பைச் சரிசெய்ய இது போதும். அடிக்கடி தைப்பவர்களுக்குக் கட்டுப்படியாகாது.

நிறத்துக்கு முன்னால் கலவையைப் பாருங்கள். 95 சதவீதம் பருத்தி, 5 சதவீதம் லைக்ரா (ரப்பர் போல இழுபட்டுத் திரும்பும் நூல்) என்றால் நல்லது. முழுப் பருத்தி ரிப்பும் கடையில் நன்றாகத்தான் இழுபடும். துவைக்கத் துவைக்க வாய் அகன்று தொளதொளத்துவிடும். 10 செ.மீ. அளவை 15 வரை இழுத்து விட்டுப் பாருங்கள். உடனே பழைய அளவுக்குத் திரும்பாமல் 11-ல் நின்றால் அது வேண்டாம்.

'ஃப்ரீ சைஸ்' என்பதை நம்பக் கூடாது. கஃப்பின் சுற்றளவு, கை ஓரத்தின் சுற்றளவில் ஏறக்குறைய முக்கால் பங்கு இருக்க வேண்டும். ஓரம் 24 செ.மீ. என்றால் கஃப் 18. பாதிக்குப் பக்கத்தில் போனால் ஓரம் கொசுவம் வைத்ததுபோல் சுருங்கிவிடும். கட்டைவிரலை உள்ளே மடக்கி, கையின் அகலமான இடத்தைச் சுற்றி அளந்துகொள்ளுங்கள். கஃப் அந்த அளவுக்காவது இழுபடாவிட்டால் மாட்டவே முடியாது.

தைக்கும் முன் கஃப்பை நனைத்துக் காயவைத்துவிடுங்கள். பருத்தி சுருங்கும் என்பது ஒன்று. கறுப்பும் அடர்சிவப்பும் சாயம் விடுமா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

பாக்கெட்டோடு வரும் விளக்கத் தாள்களில் பெரும்பாலும் இல்லாத விஷயம், கால் மிஷினில் இதை எப்படி வைப்பது என்பது. உடுப்பின் கையை உள்புறம் வெளியே வரும்படி திருப்புங்கள். மடித்த கஃப்பை அதற்குள் நுழைத்து, வெட்டு ஓரங்களைச் சேர்த்து, மூட்டும் மூட்டும் ஒன்றாக வரும்படி வையுங்கள். இரண்டையும் நான்காகப் பிரித்து நான்கு குண்டூசி. துணியை அழுத்திப் பிடிக்கும் மிஷின் பாதம் வளையத்துக்குள் இறங்கும்படி வைத்தால் கஃப் மேலேயும் கைத்துணி கீழேயும் வரும். குண்டூசிக்குக் குண்டூசி கஃப்பை மட்டும் இழுத்துப் பிடித்துத் தையுங்கள். கைத்துணியையும் சேர்த்து இழுத்தால் ஓரம் அலை அலையாக நிற்கும். எவ்வளவு அயர்ன் செய்தாலும் அது அடங்காது.

நேர்த்தையல் போட்டால், கையை நுழைக்கும்போது நூல் படக்கென்று அறும். ஜிக்ஜாக் இருந்தால் அகலம் 1 மி.மீ., நீளம் 2.5 மி.மீ. நேர்த்தையல் மட்டும் உள்ள மிஷினென்றால் 2 மி.மீ. தையலாக, அரை செ.மீ.க்கும் குறைந்த இடைவெளியில் இரண்டு வரி போடலாம். தாங்கும், ஆனால் ஓவர்லாக் (ஓரத்தை நூலால் சுற்றித் தைக்கும் மிஷின்) தையல் அளவுக்கு வராது. ஊசி பால் பாயிண்ட் (முனை உருண்டது), 11 அல்லது 14-ஆம் நம்பர். சாதா ஊசி பனியன் துணியின் கண்ணியை அறுத்துவிடும். தைத்த அன்று ஒன்றும் தெரியாது, துவைத்த பிறகு தையலோரம் ஓட்டை ஓட்டையாக விழும்.

நிறைய தைப்பவர்கள் திருப்பூர்ப் பக்கம் போனால் ரிப் துணியை எடைக்கே வாங்கலாம். 240 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் 240 கிராம் எடை) துணி கால் கிலோ வாங்கினால், 20-க்கு 16 செ.மீ. துண்டாக வெட்டி 15 ஜோடி வரை எடுக்கலாம். துணி இழுபடும் பக்கம் மணிக்கட்டைச் சுற்றி வரும்படி வெட்டுங்கள். மாற்றி வெட்டினால் கஃப் இழுபடாது, அந்தத் துண்டு வேறெதற்கும் உதவாது.