ஸ்னாப்ஷாட் பேக்கேஜுக்கு எந்த எண்: டில்டேவா (~), பிளஸ்ஸா (+), காரெட்டா (^)?

நம் மென்பொருளின் கடைசி வெளியீடு 1.3. அதன்பின் சேர்ந்த கமிட்களை (நிரலில் பதிவான மாற்றங்களை) வைத்து 2025 மார்ச் 10 அன்று ஒரு ஸ்னாப்ஷாட், அதாவது இரண்டு வெளியீடுகளுக்கு இடைப்பட்ட பேக்கேஜ் கட்டுகிறோம். அதற்கு 1.4~20250310 என்று எண் வைக்கலாம், 1.3+20250310 என்றும் வைக்கலாம்.

டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் வகைகளில் ~ குறி எல்லாவற்றுக்கும் கீழே நிற்கும். எண் அங்கேயே முடிந்துவிடுவதற்கும் கீழே. ஆகவே 1.4 வந்ததும் டில்டே பேக்கேஜ் தானாக அப்டேட் ஆகிவிடும். ஆனால் 1.4 என்பது நம் ஊகம்தான். இடையில் பாதுகாப்புத் திருத்தத்தோடு 1.3.1 வந்தால், பேக்கேஜ்களை நிறுவும் கருவியான ஆப்ட் அதைத் தொடவே தொடாது, ஏனென்றால் 1.4~20250310 அதைவிடப் பெரியது. பயனரின் கணினியில் ஓட்டை அடைபடாமலே கிடக்கும்.

பிளஸ்ஸில் இந்த ஆபத்து இல்லை. டெபியன் வரிசையில் 1.3-ஐ விட 1.3+20250310 பெரியது, 1.3.1-ஐ விடச் சிறியது. நடந்து முடிந்த வெளியீட்டிலிருந்து எண்ணுவதால் எதையும் ஊகிக்க வேண்டியதில்லை. டெபியனுக்கு எங்கள் தேர்வு இதுதான். 1.4-இன் சோதனை வெளியீடு ஏற்கெனவே வந்துவிட்ட கிளைக்கு மட்டும் டில்டே சரி.

இதே எண்ணை ஆர்பிஎம்முக்கு (ஃபெடோரா போன்ற லினக்ஸ் வகைகளின் பேக்கேஜ் முறை) தூக்கிக்கொண்டு போனால் கவிழும். அங்கே + வெறும் பிரிப்பான், 1.3-க்கு அடுத்த துண்டாக 20250310-ஐயும் 1-ஐயும் ஒப்பிட்டு, 1.3.1-ஐப் பழையது என்று தீர்மானித்துவிடும். டில்டேவிலும் குழப்பம் உண்டு: ஆர்பிஎம்மில் எழுத்துத் துண்டை விட எண் துண்டு பெரியது, அதனால் ~20250310 எழுத்தில் தொடங்கும் ஆர்சி (இறுதிக்கு முந்தைய சோதனை) வெளியீட்டை முந்திவிடும். டெபியனில் இது நேர்மாறு. ஃபெடோராவில் 1.3^20250310 என்று காரெட் போடுங்கள், 1.3-க்கு மேலே, 1.3.1-க்குக் கீழே சரியாக உட்காரும்.

இதுவரை வெளியீடே இல்லாத மென்பொருளுக்கு 0~20250310. வெறும் 20250310 என்று வைத்துவிட்டால், பிறகு வரும் 1.0 அதைவிடச் சிறியதாகிவிடும், 1:1.0 என்று எபோக் (மற்ற இலக்கங்களுக்கு முன்பே ஒப்பிடப்படும் முன்னெண்) போட்டுத்தான் மீள வேண்டும். போட்ட எபோக்கைப் பின்னால் எடுக்கவும் முடியாது.

கமிட் ஹேஷுக்கு (ஒவ்வொரு கமிட்டின் அடையாளக் குறியீடு) வரிசை கிடையாது. ஒரே நாளில் இரண்டு முறை கட்டினால், தேதிக்குப் பின் வெறும் ஹேஷ் இருந்தால் எது புதியது என்பது அதிர்ஷ்டம். தேதியை அடுத்து மணி, நிமிடத்தைச் சேருங்கள் (20250310.1430), ஹேஷ் கடைசியில் அடையாளத்துக்கு மட்டும் இருக்கட்டும்.

தேதியைக் கமிட்டிலிருந்து, அதுவும் யுடிசியில் (உலகப் பொது நேரத்தில்) எடுங்கள். சென்னையில் அதிகாலை 3 மணிக்குச் செய்த கமிட், யுடிசியில் முந்தைய நாள் இரவு 9:30. அலுவலகக் கணினி இந்திய நேரத்திலும் கிளவுட் சர்வர் யுடிசியிலும் ஓடினால், ஒரே கமிட்டுக்கு இரண்டு எண்கள் பிறக்கும்.

வெளியிடும் முன் மூன்று எண்களை ஒப்பிட்டுப் பாருங்கள்: இப்போது பயனரிடம் இருப்பது, நீங்கள் கட்டியது, அடுத்து வரக்கூடிய மிகச் சிறிய வெளியீடு. டெபியனில் பேக்கேஜ் கருவியான டிபிகேஜியின் பதிப்பு ஒப்பீட்டுக் கட்டளை போதும். ஃபெடோராவில் ஆர்பிஎம் டெவலப்பர் கருவிகளிலேயே அதற்கான கட்டளை இருக்கிறது.